சஸ்காச்சுவானில் எந்தப் பருப்பை விதைப்பது, எப்படி விற்பது?

கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் பருப்பு விதைப்பு ஏப்ரல் கடைசியில்தான் தொடங்கும். ஆனால் முடிவு அதற்கு வெகு முன்பே, வயலெல்லாம் பனி மூடிக் கிடக்கும் ஜனவரி, பிப்ரவரியிலேயே எடுத்தாக வேண்டும். விதைக்கு ஆர்டர் கொடுப்பது, வாங்குபவரிடம் முன் ஒப்பந்தம் பேசுவது எல்லாம் அந்தக் குளிரில்தான் நடக்கும். கோதுமைக்கும் எண்ணெய் வித்தான கேனோலாவுக்கும் நடுவே பயிர் சுழற்சியில் வரும் பருப்பு எது என்பதுதான் அப்போதைய கேள்வி. மஞ்சள் பட்டாணி, சிவப்பு மசூர், பெரிய பச்சை மசூர், வெள்ளைக் கொண்டைக்கடலை ஆகிய நான்கும் போட்டியில் இருக்கின்றன. ஈரம் நிற்கும் வடக்குப் பகுதிகளில் ஃபேபா பீன்ஸும் (ஒரு வகைப் பெரிய அவரை) ஐந்தாவதாகச் சேரும்.

இந்த முடிவு நம் சமையலறை வரை வருகிற ஒன்று. இலங்கையில் தினமும் கொதிக்கிற மைசூர் பருப்பில், அதாவது சிவப்பு மசூரில், ஒரு பங்கு இந்த வயல்களில் விளைந்தது. தமிழ்நாட்டு ரேஷன் கடைகளுக்காகத் துவரம்பருப்புக்கு மாற்றாக வாங்கப்படும் கனடா மஞ்சள் பருப்பு, பெயரிலேயே ஊரைச் சொல்லிவிடுகிறது.

பயிர்களை ஒப்பிடும்போது பலரும் ஒரு கணக்கோடு நின்றுவிடுகிறார்கள்: ஏக்கருக்கு இவ்வளவு விளையும், இன்றைய விலை இவ்வளவு, பெருக்கினால் இவ்வளவு. அது போதாது என்பது என் உறுதியான கருத்து. கேனோலா விலை இறங்கும் என்று பயந்தால், விவசாயி முன்பேரச் சந்தையில் (பின்னால் தரப்போகும் சரக்குக்கு இன்றே விலை பேசும் சந்தை) காப்பு எடுத்துக்கொள்ளலாம். பட்டாணிக்கும் மசூருக்கும் அப்படி ஒரு சந்தையே இல்லை. வாங்குபவர் சொல்வதுதான் விலை; அவர் சொல்லும் விலையோ டெல்லியிலும் பெய்ஜிங்கிலும் போடுகிற வரியைப் பார்த்து மாறும். அதனால் எந்தப் பயிரை விதைக்கிறோமோ, அதோடு சேர்த்து அதன் விற்பனை முறையையும் நாம் தேர்ந்தெடுத்துவிடுகிறோம். இரண்டையும் தனித்தனியாக முடிவு செய்கிறவர்கள்தான் பெரும்பாலும் சிக்கிக்கொள்கிறார்கள்.

முதலில் மண்

விலையைப் பார்ப்பதற்கு முன் பார்க்க வேண்டியது வேரழுகல் நோய். அஃபனோமைசிஸ் என்ற நுண்ணுயிர் சஸ்காச்சுவானில் 2012-இல் முதன்முதலாக உறுதி செய்யப்பட்டது; அடுத்த ஆண்டே அண்டை மாகாணமான ஆல்பர்ட்டாவிலும் கண்டறியப்பட்டது. பட்டாணியையும் மசூரையும் கடுமையாகத் தாக்கும். அதன் வித்துகள் மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். விதை நேர்த்தி மருந்து ஆரம்ப வாரங்களில் கொஞ்சம் தாங்கிப் பிடிக்குமே தவிர, பருவம் முழுவதும் காப்பாற்றாது. முழு எதிர்ப்புச் சக்தி உள்ள ரகமும் விவசாயி கைக்கு இன்னும் வரவில்லை.

ஜூன் கடைசியில் வயலில் அங்கங்கே, குறிப்பாகத் தண்ணீர் தேங்கும் பள்ளங்களில், செடி மஞ்சளாகத் தெரிந்தால் சந்தேகப்பட வேண்டும். செடியை மண்வெட்டியால் அடியோடு தோண்டி, வேரைக் கழுவிப் பார்க்க வேண்டும். நல்ல வேர் வெண்மையாக இருக்கும். நோய் பிடித்த வேர் வெல்லப் பாகு நிறத்தில் இருக்கும். விரலால் பிடித்து மெல்ல இழுத்தால் மேல்தோல் வழுக்கிக் கழன்று, நடுவில் நூல் மாதிரி ஒரு நரம்பு மட்டும் மிஞ்சும். வேர் முடிச்சுகள் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமிருக்காது. ஆய்வகத்துக்கு அனுப்பி உறுதி செய்துகொள்வது நல்லது; ஏனென்றால் ஃபியூசேரியம் பூஞ்சையும் பெரும்பாலும் கூடவே வந்து படத்தைக் குழப்பும்.

இந்த நோய் உறுதியான வயலில் பட்டாணிக்கும் மசூருக்கும் குறைந்தது ஆறு ஆண்டு, பாதிப்பு கடுமையாக இருந்தால் எட்டு ஆண்டு இடைவெளி விடச் சொல்கிறார்கள் வேளாண் ஆலோசகர்கள். அந்த வயலுக்குப் பட்டாணியா மசூரா என்ற ஒப்பீடே தேவையில்லை, இரண்டுமே கிடையாது. மிஞ்சுவது கொண்டைக்கடலையும் ஃபேபா பீன்ஸும். இந்த நோயை இவை இரண்டும் நன்றாகத் தாங்கும். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை பருப்பு என்ற பழைய சுழற்சி பல வயல்களில் இனி செல்லாது. பருப்பு விலை ஏறிய ஆண்டுகளில் மூன்று ஆண்டுக்கு ஒன்று, சில இடங்களில் இரண்டு ஆண்டுக்கு ஒன்று என்று நெருக்கி விதைத்ததன் விலையை இப்போது மண் வசூலிக்கிறது.

அப்புறம் களை. மசூர் குட்டைச் செடி, மெதுவாக வளரும். களையோடு அதனால் போட்டி போடவே முடியாது. கோச்சியா என்ற களைக்கு இமி (இமிடசோலினோன்) வகைக் களைக்கொல்லிகள் இப்போது அனேகமாக வேலை செய்வதில்லை. கிளைஃபோசேட் என்ற இன்னொரு களைக்கொல்லியையும் தாங்கும் கோச்சியா 2011-இலிருந்தே ஆல்பர்ட்டாவில் இருக்கிறது. கோச்சியா நிறைந்த வயலில் மசூர் விதைப்பது களைக்கு நிலத்தை எழுதிக் கொடுப்பதுதான். போன ஆண்டு கோதுமைக்கு அடித்த மருந்தின் எச்சத்தையும் கேட்டுப் பார்க்க வேண்டும். வறட்சி ஆண்டில் அது மண்ணில் சிதையாமல் தங்கி, அடுத்த ஆண்டு மசூரைச் சுட்டுவிடும்.

மஞ்சள் பட்டாணி

நான்கில் வளர்க்க எளிதானது இதுதான். பழுப்பு மண்ணிலிருந்து கருப்பு மண் வரை எங்கும் வரும். சுமார் 90 முதல் 100 நாளில் முதிர்ந்துவிடும். ஆகஸ்டிலேயே கம்பைன் (அறுவடை இயந்திரம்) உள்ளே போகலாம். முளைத்த பிறகு பனி கருக்கினாலும், மண்ணுக்குள் இருக்கும் கணுவிலிருந்து மறுபடி தளிர்க்கும். பற்றுக்கம்பிகள் ஒன்றையொன்று பிடித்து நிற்கும் இக்கால ரகங்கள் முன்பு போல் தரையில் படுத்துக் கிடப்பதில்லை. சரியான ரைசோபியம் (வேர் முடிச்சு உண்டாக்கும் பாக்டீரியா) சேர்த்து விதைத்தால் தனக்கு வேண்டிய தழைச்சத்தில் பெரும்பகுதியைத் தானே காற்றிலிருந்து எடுத்துக்கொள்ளும். அடுத்து வரும் கோதுமைக்கும் கொஞ்சம் விட்டுவைக்கும். உர விலை எகிறும் ஆண்டில் இது சின்ன விஷயம் அல்ல.

அதன் பலவீனம் சந்தை. மனிதர் உண்ணும் மஞ்சள் பட்டாணிக்கு உலகில் பெரிய வாங்குபவர்கள் என்று பார்த்தால் இந்தியாவும் சீனாவும்தான். இருவரும் முகம் திருப்பிக்கொண்டால் மிஞ்சுவது கால்நடைத் தீவனம், அதுவும் தீவன விலைக்கு. கனடாவுக்குள்ளேயே பட்டாணியிலிருந்து புரதம் பிரிக்கும் ஆலைகள் வந்தால் இந்தச் சார்பு குறையும் என்று பெரிய நம்பிக்கை இருந்தது. 2021-இல் மானிட்டோபாவின் போர்டேஜ் லா பிரெய்ரியில் ரோகெட் நிறுவனத்தின் ஆலை திறந்தது. ஆண்டுக்கு 1,25,000 டன் பட்டாணியை அரைக்கும் திறன். அதே காலத்தில் வின்னிபெக்கில் தொடங்கிய மெரிட் ஃபங்ஷனல் ஃபுட்ஸ் 2023-இலேயே கடன் கொடுத்தவர்கள் கைக்குப் போனது. புரத ஆலையை நம்பி மட்டும் ஏக்கரைக் கூட்டச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சிவப்பு மசூரும் பச்சை மசூரும்

பெயர் ஒன்றுபோல் இருந்தாலும் வியாபாரத்தில் இவை இரண்டு தனிப் பயிர்கள். வேறுபாடு முழுவதும் தோலில் இருக்கிறது.

சிவப்பு மசூரின் தோலை ஆலையில் நீக்கி, உள்ளே இருக்கும் ஆரஞ்சு நிறப் பருப்பைத்தான் விற்கிறார்கள். மழை பட்டு மேல்தோல் கொஞ்சம் மங்கினாலும் பெரிய நஷ்டமில்லை. குதிரில் ஓர் ஆண்டு இருந்தாலும் விற்கலாம். பெரிய பச்சை மசூர் முழுதாக, தோலோடு சமைக்கப்படுவது. வாங்குபவர் கண்ணால் பார்த்து வாங்குகிறார். அறுவடை நேரத்தில் தொடர்ந்து மழை பெய்தால் பச்சை பழுப்பாகும். சேமித்து வைத்தாலும் காலப்போக்கில் தானே பழுப்பாகும். எலிவேட்டரில் (தானியம் வாங்கிச் சேமிக்கும் நிலையம்) மாதிரியைத் தட்டில் கொட்டி, சல்லடையில் சலித்து, நிறம் மங்கியது, தோல் சுருங்கியது, உடைந்தது என்று பிரித்து எடுப்பார்கள். அந்தச் சில நிமிடங்களில் நம்பர் ஒன்று என்று நினைத்த சரக்கு நம்பர் இரண்டாகவோ எக்ஸ்ட்ரா மூன்றாகவோ இறங்கிவிடும். ஒவ்வொரு படிக்கும் பவுண்டுக்குப் பல சென்ட் போகும்.

பச்சை மசூருக்குச் சஸ்காச்சுவானில் ஒரு மரியாதை உண்டு, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. கோதுமை விற்காமல் குவிந்து கிடந்த காலத்தில், 1971-இல் சஸ்காச்சுவான் பல்கலைக்கழகத்தில் பயிர் மேம்பாட்டு மையம் தொடங்கப்பட்டது. மறு ஆண்டு அங்கே வந்து சேர்ந்த பயிர் விஞ்ஞானி ஆல் ஸ்லிங்கார்ட், பட்டாணி, மசூர் ரகங்களில் உழைத்து, 1978-இல் லேர்ட் என்ற பெரிய பச்சை மசூர் ரகத்தை வெளியிட்டார். இன்று உலகில் மசூர் ஏற்றுமதியில் கனடா முதலிடத்தில் நிற்பதற்கு அங்கேதான் அடித்தளம். சிவப்பு மசூர் பெரிய அளவில் பரவியது பிறகுதான். இமி களைக்கொல்லியைத் தாங்கும் ரகங்கள் வந்ததும், மாகாணத் தலைநகர் ரெஜைனாவில் முராத் அல்-காதிப் போன்ற தொழிலதிபர்கள் மசூரை உடைத்துப் பருப்பாக்கும் ஆலைகளை விவசாயியின் பக்கத்திலேயே கொண்டுவந்ததும் அதற்கு முக்கியக் காரணங்கள்.

வாங்குபவர்களை எண்ணிப் பார்த்தால் சிவப்பு மசூரின் பலம் தெரியும். துருக்கி, ஐக்கிய அரபு அமீரகம், வங்கதேசம், இந்தியா, எகிப்து, இலங்கை. ஒருவர் பின்வாங்கினாலும் விலை சரியுமே தவிர, சரக்கு தேங்கி நிற்காது. பச்சை மசூர் அல்ஜீரியா, ஸ்பெயின், இத்தாலி, மெக்சிகோ, கொலம்பியா என்று தரத்துக்குப் பணம் தரும் சந்தைகளுக்குப் போகிறது. நல்ல ஆண்டில் பச்சைக்குச் சிவப்பைவிட நல்ல விலை கிடைக்கும். தேவை சிறியது என்பதால் எல்லோரும் விதைத்த ஆண்டில் சட்டென்று விழும்.

விளைச்சலில் மசூர் பட்டாணிக்குப் பின்னால்தான். ஒரு மாதிரிக் கணக்கு போடலாம். விலைகள் எடுத்துக்காட்டுக்கு மட்டும்; புஷல் என்பது அங்கே தானியம் அளக்கும் அலகு. பட்டாணி ஏக்கருக்கு 38 புஷல், புஷல் 8 டாலர் என்றால் 304 டாலர். சிவப்பு மசூர் ஏக்கருக்கு 1,350 பவுண்டு, பவுண்டு 25 சென்ட் என்றால் சுமார் 337 டாலர். மசூருக்குக் களைக்கொல்லிச் செலவு கூடுதல் என்பதால் கையில் நிற்பது கிட்டத்தட்ட சமம். இப்போது பட்டாணியில் ஒரு டாலரை மாற்றிப் பாருங்கள். 38 டாலர் ஏறும் அல்லது இறங்கும். மசூரில் மூன்று சென்ட் மாறினால் 40 டாலர். ஜனவரியில் போடும் கணக்கின் வித்தியாசம் முழுவதையும் ஒரு வர்த்தமானி அறிவிப்பு விழுங்கிவிடும்.

மசூர் அறுவடை பொறுமையைச் சோதிக்கும். காய் தரைக்கு மிக அருகில் இருப்பதால் விதைத்த கையோடு நிலத்தை உருளை போட்டுக் கற்களை அமுக்க வேண்டும். கம்பைனுக்கு வளைந்து கொடுக்கும் வெட்டுத்தலை வேண்டும். கல் நிறைந்த, மேடு பள்ளமான நிலம் உள்ளவர்கள் இதைக் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும்.

கொண்டைக்கடலை

லாபமும் ஆபத்தும் இதில் ஒருசேர அதிகம். பழுப்பு மண், குறைந்த மழை, நீண்ட வெயில் காலம் வேண்டும். முதிர 110 நாளுக்கு மேல் ஆகும். வறட்சி ஒரு அழுத்தம் கொடுத்தால்தான் பூப்பதை நிறுத்தி முதிரும். ஈரமான ஆகஸ்ட் வந்தால் பூத்துக்கொண்டே இருந்து செப்டம்பர் பனியில் பச்சைக் கடலையாக மாட்டிக்கொள்ளும். அஸ்கோகைட்டா கருகல் நோய்க்கு ஒரே பருவத்தில் பலமுறை பூஞ்சைக்கொல்லி அடிக்க நேரும். ஒரு வகை மருந்துக்கு அந்தப் பூஞ்சை ஏற்கெனவே பழகிவிட்டது. இந்த நோய்தான் 2000-களின் தொடக்கத்தில் வேகமாக ஏறிய கொண்டைக்கடலைப் பரப்பை அதே வேகத்தில் இறக்கியது. விலை கடலையின் அளவைப் பொறுத்தது. 9 மி.மீ. சல்லடைமேல் நிற்கும் பெரிய கடலைக்கு ஒரு விலை, கீழே விழுவதற்கு வேறு விலை.

இத்தனையும் சொன்ன பிறகும், அஃபனோமைசிஸ் வந்த பழுப்பு மண் வயலுக்கு நான் கொண்டைக்கடலையைத்தான் சொல்வேன், அளவாக. அதற்கென்று தனி ரைசோபியம் வாங்க வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. பட்டாணிக்கு வாங்கியது இதற்கு வேலை செய்யாது.

டெல்லி போட்ட வரியின் கதை

2015, 2016-இல் இந்தியாவில் பருப்புத் தட்டுப்பாடு. விலை ஏறியது, கனடாவில் 2016-இல் மசூர் பரப்பு 50 லட்சம் ஏக்கரைத் தாண்டியது. 2017 நவம்பரில் இந்தியா மஞ்சள் பட்டாணிக்கு 50 சதவீத இறக்குமதி வரி போட்டது. டிசம்பரில் மசூருக்கும் கொண்டைக்கடலைக்கும் 30 சதவீதம். கொண்டைக்கடலை வரி 2018 மார்ச்சில் 60 சதவீதமானது. 2019 டிசம்பரில் பட்டாணிக்குக் கிலோ 200 ரூபாய் குறைந்தபட்ச இறக்குமதி விலையும், கொல்கத்தா துறைமுகம் வழியாக மட்டுமே வர வேண்டும் என்ற நிபந்தனையும் வந்தன. அதாவது, இந்தியச் சந்தை சட்டப்படி திறந்தும் நடைமுறையில் பூட்டியும் இருந்தது. மீண்டும் வரியில்லாமல் அனுமதித்தது 2023 டிசம்பரில். பிறகு 2025 நவம்பர் முதல் பட்டாணிக்கு 30 சதவீத வரி.

சீனம் நடுவில் கைகொடுத்தது. ஆனால் ரஷ்யப் பட்டாணியும் அங்கே நுழைந்துவிட்டது. 2025 மார்ச்சில் கனடாவுடன் நடந்த வர்த்தகச் சண்டையில் கேனோலா எண்ணெய், பிண்ணாக்கோடு பட்டாணிக்கும் 100 சதவீத வரி போட்டது சீனா. 2026 ஜனவரியில் இரு நாடுகளும் அதைத் தளர்த்த உடன்பட்டன. ஒரே ஆண்டில் இரண்டு பெரிய வாங்குபவர்களும் வரி போட்ட பயிர் மஞ்சள் பட்டாணி.

மசூரின் வரலாறு இதைவிட மென்மையானது. 2022 பிப்ரவரியிலிருந்து இந்தியாவில் வரியே இல்லாமல் இருந்து, 2025 மார்ச்சில் 10 சதவீதம் வந்தது. ஆனாலும் 2025 அக்டோபரில் இந்தியா தொடங்கிய பருப்புத் தன்னிறைவுத் திட்டத்தில் துவரை, உளுந்தோடு மசூரும் இருக்கிறது. அங்கே மழையும் விலையும் அந்த விவசாயிக்குச் சாதகமாக இருந்தால் இங்கே தேவை குறையும். தன் நாட்டு விவசாயியைக் காப்பாற்றுவது எந்த அரசுக்கும் நியாயமான வேலைதான். அதை மனதில் வைத்தே இங்கே விதைக்க வேண்டும்.

விற்கும் வழிகள்

முதல் வழி, விதைப்புக்கு முன்பே ஒப்பந்தம். ஏக்கருக்கு இத்தனை பவுண்டு, இந்த விலைக்கு என்று எழுதிக்கொள்வது. இதில் இயற்கைச் சீற்ற விதி இருக்கிறதா என்பதுதான் உயிர்நாடி. இருந்தால், ஆலங்கட்டி மழையோ வறட்சியோ விளைச்சலை அழித்தாலும் எழுதிய அளவைக் கொடுக்க வேண்டிய கட்டாயமில்லை. இல்லையென்றால், வறட்சியில் விலை ஏறி நிற்கும்போது வெளியில் வாங்கிக் கொடுக்கவோ வித்தியாசத்தைப் பணமாகக் கட்டவோ நேரும். தன் மீது தவறே இல்லாமல் விளைச்சலை இழந்தவன் தலையில் மேலும் கடன் ஏற்றுவது கொடுமை. அந்த விதி இல்லாத ஒப்பந்தத்தை, விலை இரண்டு சென்ட் கூடுதல் என்றாலும், விதைப்புக்கு முன் கையெழுத்திட வேண்டாம்.

இரண்டாவது வழி, அறுவடை நேரத்தில் களத்து விலைக்கு விற்பது. ஆகஸ்ட், செப்டம்பரில் எல்லோரும் ஒன்றாக விற்பதால் விலை பெரும்பாலும் சோர்ந்திருக்கும். மூன்றாவது, குதிரில் வைத்துக் காத்திருப்பது. எவ்வளவு நாள் காக்கலாம் என்பதற்கு ஒரு நாட்காட்டி உண்டு: ஆஸ்திரேலிய மசூர் அக்டோபர் முதல் டிசம்பர் வரை அறுவடையாகும், இந்தியாவின் ரபி அறுவடை பிப்ரவரி, மார்ச்சில் தொடங்கும். சிவப்பு மசூருக்கு இந்தியா, வங்கதேசச் சந்தையில் நல்ல வாய்ப்பு பெரும்பாலும் இந்த அறுவடைகளுக்கு முந்தைய வாரங்கள்தான். அதைத் தவறவிட்டால் அடுத்த வசந்தம் வரை காத்திருக்கும் பொறுமையும் வங்கியில் தவணை கட்டும் வசதியும் வேண்டும்.

பயிரும் விற்பனையும் ஒன்றே என்று முதலில் சொன்னது இங்கேதான் தெளிவாகும். காத்திருப்பது என்ற வழி சிவப்பு மசூருக்கு உண்டு, பச்சைக்குக் கிடையாது. பச்சையை வைத்திருந்தால் நிறத்தையே தின்னக் கொடுக்கிறோம். பச்சை விதைப்பவர் பாதிக்கு மேல் முன்கூட்டி ஒப்பந்தம் போட்டு, மீதியை அந்த ஆண்டுக்குள் கரைக்க வேண்டும். பட்டாணி குதிரில் கெடாது. ஆனால் காத்திருப்பதன் பலன் ஒரு அரசாங்க அறிவிப்பைப் பொறுத்திருப்பதால் அது சேமிப்பா சூதாட்டமா என்று சொல்ல முடியாது. கொண்டைக்கடலைக்கு வாங்குபவர்களே குறைவு; ஒப்பந்தம் இல்லாமல் விதைக்கவே கூடாது என்பேன்.

வாங்குபவரைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் கனடா தானிய ஆணையத்தின் உரிமம் பெற்றவரா என்று பார்க்க வேண்டும். உரிமம் உள்ளவர் விவசாயிக்குத் தர வேண்டிய பணத்துக்குப் பிணை வைத்திருப்பார். சரக்கு கொடுத்து 90 நாளுக்குள், காசோலை வாங்கி 30 நாளுக்குள் என்ற கெடுவுக்குள்தான் அந்தப் பாதுகாப்பு. வருமான வரி காரணமாகப் பணத்தை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்கச் சொல்லும் பழக்கம் பலருக்கும் உண்டு. அந்தத் தள்ளிவைப்பில் பாதுகாப்பு போய்விடலாம். அதேபோல, ஆணையத்தின் அறுவடை மாதிரித் திட்டத்தில் சேர்ந்து ஒவ்வொரு குதிரிலிருந்தும் மாதிரி அனுப்பினால் இலவசமாகத் தரம் சொல்வார்கள். அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேரம் பேசுவது தனிப் பலம். அறுவடைக்கு முன் என்ன மருந்து அடிக்கலாம் என்பதையும் வாங்குபவரிடம் முன்பே கேட்டுவிடுங்கள். சில சந்தைகளில் கிளைஃபோசேட் எச்சம் இருந்தால் சரக்கையே திருப்புவார்கள்.

இரண்டு பண்ணைகள்

சஸ்காச்சுவானின் தென்மேற்கில் ஸ்விஃப்ட் கரண்ட் பக்கம், பழுப்பு மண், 3,000 ஏக்கர் என்று வைத்துக்கொள்வோம். கடந்த ஆறு ஆண்டாகப் பருப்பு காணாத சுத்தமான வயல்களில் சிவப்பு மசூர் 600 ஏக்கர். அதில் கால் பங்கை மட்டும் இயற்கைச் சீற்ற விதியோடு முன் ஒப்பந்தம், மீதியை மூன்று நான்கு தடவையாகப் பிரித்து விற்கலாம். வேரழுகல் கண்ட வயல்களில் ஒப்பந்தத்தோடு கொண்டைக்கடலை 150 ஏக்கர். பூஞ்சைக்கொல்லிக்கு நேரமும் தெளிப்பானும் இல்லாதவர்கள் அதையும் விட்டுவிட்டு, அந்த நிலத்தில் துரம் கோதுமையோ கடுகோ போடட்டும். பெரிய பச்சையை, அறுவடையை ஒரு வாரத்தில் முடிக்க இயந்திரமும் ஆளும் உள்ளவர் மட்டும் தொடலாம்.

வடகிழக்கில் மெல்ஃபோர்ட் பக்கம், கருப்பு மண், ஈரம் அதிகம் என்றால் மசூரை மறந்துவிடலாம். இலை வளர்ந்துகொண்டே போகும், நோய் வரும். அங்கே உண்மையான ஒப்பீடு பட்டாணிக்கும் ஃபேபா பீன்ஸுக்கும் இடையில். வேர் சுத்தமாக இருந்தால் பட்டாணி, ஆனால் மொத்த நிலத்தில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம், தீவன விலைக்கே விற்க நேர்ந்தாலும் செலவு தேறுகிறதா என்று கணக்குப் போட்ட பிறகு. அந்தக் கணக்கு தேறவில்லையென்றால் அந்த ஆண்டு ஃபேபா பீன்ஸ். முதிர நாள் அதிகம் எடுக்கும் என்பதால் வயலில் இறங்க முடிந்த முதல் நாளே அதை விதைத்துவிட வேண்டும்.